பிரேக் மிதிக்க ஓர் ஆள்

எட்மண்டன்,
லண்டன்.
கார்த்திகை, 1994.

பெருமதிப்புக்குரிய லலிதா அக்கா அவர்களுக்கு,

தம்பி அம்பலவாணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. குளிர், இருமல், அறைக் கூரையில் ஒழுக்கு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால் நான் இங்கே நலம். வெள்ளவத்தையில் நீங்களும் அத்தானும் நலமென்றும், சீனி வருத்தத்தோடு அத்தான் ஒளித்து ஒளித்துத் தொதல் போன்ற இனிப்புகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்றும் நம்புகிறேன். நிறுத்தவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தொதல் தானாகவே தொண்டையில் நிற்கும்.

இது உங்கள் கைக்கு வருவதற்கு முன்னரே லூயிஷாம் சபாரத்தினம் அண்ணை உங்களுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்திருப்பார். அவர் சொன்னது பொய்யில்லை. அவருடைய தங்கை தவநாயகியைப் பெண் பார்க்க வரவழைத்து, அவரை ஒரு லொறியில் ஏற்றி உட்காரவைத்து, அங்கேயே விட்டுவிட்டேன் என்பது உண்மைதான். ஆனால் அது எப்படி நடந்தது என்று நான் சொல்லாமல் வேறு யாரும் சொல்ல முடியாது. கூடவே இன்னொன்றையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அக்கா, இனிமேல் எனக்குப் பெண் பார்க்க வேண்டாம். இந்தப் பெண்ணும் வேண்டாம், வேறு பெண்ணும் வேண்டாம். நாற்பத்தைந்து வயதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் தனியாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன். இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு அத்தானின் சிநேகிதர்களுக்கும் அறிவித்துவிடவும்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தான் அங்கே எல்லோரிடமும் என்னை எலக்ட்ரிக்கல் என்ஜினியர் என்று சொல்லிவைத்திருப்பதாகக் கேள்வி. அப்படியெல்லாம் இல்லை. லொறிகள் இழுத்துச் செல்லும் நீண்ட ட்ரெயிலர்கள் வார இறுதியில் எங்கள் யார்டுக்கு வந்து சேரும். அவை மறுபடி ரோட்டுக்குப் போகுமுன் விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பார்ப்பதும், எரியாவிட்டால் ஏன் என்று தேடிப் பிடிப்பதும், பிடித்ததை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுப்பதும்தான் என் உத்தியோகம். பின்விளக்கு, பக்கவிளக்கு, திரும்பும் சிக்னல், நம்பர் தகட்டு விளக்கு எல்லாவற்றையும் சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கி ஆறுதலாக நடந்துபோய்ப் பார்க்கலாம். பிரேக் விளக்கு மட்டும் அப்படியில்லை. முன்னால் லொறிக்குள் ஒருவர் இருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தால்தான் அது பின்னால் எரியும். மிதிக்கிறவருக்கு அது எரிகிறதா என்று தெரியாது. பின்னால் நிற்கிறவர்தான் கத்திச் சொல்ல வேண்டும். அதுவும் என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குக் காற்று ஏறும் என்பதால், அந்த இரைச்சலுக்கு மேலே கத்த வேண்டும்.

மன்னார்க்காரர் கஸ்பர் என்னோடு வேலை செய்த காலம்வரை எனக்குக் கவலையே இருக்கவில்லை. அவர் மிதிப்பார், நான் கத்துவேன். "எரியுது", "விடு" என்பதைத் தவிர நாள் முழுக்க வேறு ஒரு கதையும் இல்லாமல் வேலை செய்திருக்கிறோம். எனக்கு அது போதுமாக இருந்தது. போன வருடம் அவர் கனடாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆள் போதும் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டதாக ஃபோர்மன் ரொன் வந்து சொன்னார். ஒரே மனிதன் ட்ரெயிலரின் இரண்டு முனையிலும் எப்படி நிற்பது என்று கேட்டேன். "சமாளித்துக்கொள், அம்பி" என்றார். இங்கே என்னை எல்லோரும் அம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள், முழுப்பெயரைச் சொல்ல அவர்களுக்குப் பொறுமையில்லை.

நானும் சமாளித்துத்தான் பார்த்தேன். இருக்கைக்கும் பிரேக்குக்கும் நடுவில் யார்டு கூட்டும் தும்புத்தடியை முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடுவேன். நான் போய்ச் சேரவும் தடி விழவும் சரியாக இருக்கும். திரும்பி ஓடி வந்து நிமிர்த்துவேன். தடி விழுந்து விளக்கு அணைந்ததை அறியாமல், பிரேக் விளக்கு எரியவில்லை என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். வெளியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் அரை நாள் தேடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், அந்தப் பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழை நாட்களில் ட்ரெயிலரைச் சுவரோரமாகப் பின்னுக்கு எடுத்து, நானே மிதித்தபடி ஈரச் சுவர் சிவக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பேன். சுவர் சிவக்கும், ஆனால் எரிவது இடதா, வலதா, இரண்டுமா என்று சுவர் சொல்லாது. ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல் கேற்றுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் போய், தயவுசெய்து உள்ளே வந்து ஒரே ஒரு தடவை பிரேக்கை மிதித்துத் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டேன். அந்த அம்மா வந்த முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அது அவர் போக வேண்டிய பஸ் அல்ல என்று நினைக்கிறேன்.

எழுதிக் கொடுப்பதிலும் எனக்கு இங்கே கெட்ட பெயர். யாழ்ப்பாணம் அரசாங்கக் கச்சேரியில் கடிதப் பிரிவில் கிளாக்கராக இருந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். படிவத்தில் 'இடது பின்விளக்கு இல்லை' என்று எழுதினால் போதும் என்பார்கள். அப்படி மொட்டையாக எழுத எனக்குக் கை வரவில்லை. 'மேற்படி ட்ரெயிலரின் இடது பின்விளக்கு இன்று காலை பரிசோதிக்கப்பட்டபோது ஒளிரத் தவறியமை அவதானிக்கப்பட்டது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இடம் போதாமல் மறுபக்கத்திலும் தொடர்ந்து, கையெழுத்தும் போடுவேன். ரொன் அதை வாசித்துவிட்டு, "அம்பி, எந்த விளக்கு எரியவில்லை என்றுதான் கேட்டேன். அதன் மனநிலையைக் கேட்கவில்லை" என்றார். டிரைவர்கள் தேநீர் அறையில் என் அறிக்கைகளைச் சத்தமாக வாசித்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு எழுதுவதற்கு வேறு ஆள் இல்லை. உங்களுக்கு எழுதுகிறேன், அதை விட்டால் அந்தப் படிவத்துக்குத்தான் எழுதுகிறேன்.

சரி, பெண் பார்த்த கதைக்கு வருகிறேன். நீங்களும் சபாரத்தினம் அண்ணையும் பேசி வைத்தபடி லூயிஷாம் கோயிலில் வைத்துத்தான் பார்ப்பதாக ஒழுங்கு. வெளிவீதியில் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்தித்து, பிடிக்காவிட்டால் தற்செயலாகவே பிரிந்துவிடலாம் என்பது திட்டம். சனிக்கிழமை ரொன் போன் எடுத்து, டோவருக்குப் போக வேண்டிய ஒரு ட்ரெயிலரில் விளக்குகள் பேயாட்டம் ஆடுகின்றன, ஞாயிறு பகலுக்குள் அது வெளிக்கிட வேண்டும், நீ வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார். நான் சபாரத்தினம் அண்ணையிடம் வேலை முடிந்து பின்னேரம் வருகிறேன் என்று சொன்னேன். அவர் கொதித்துப் போனார். பின்னேரம் ராகு காலம். அடுத்த ஞாயிறு கரிநாள். அதற்கடுத்து மார்கழி பிறந்துவிடும். சாத்திரியார் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் அந்த ஞாயிறு காலையில்தான் இருக்கிறது. "அப்ப நாங்களே அங்க வாறம் தம்பி. இடம் எதெண்டாலும் பரவாயில்லை, நேரத்தை விடேலாது" என்று போனை வைத்துவிட்டார். அக்கா, இடத்தைப் பற்றி அவர் சொன்ன இந்த வசனத்தை நீங்கள் அவருக்கு ஞாபகப்படுத்தலாம்.

வந்தார்கள். லூயிஷாமிலிருந்து எட்மண்டனுக்கு முழு லண்டனையும் குறுக்கே கடக்க வேண்டும். அண்ணை வழியில் ஒரு வளைவைத் தவறவிட்டு, நல்ல நேரம் முடியும் தறுவாயில் காரைக் கேற்றுக்குள் கொண்டுவந்து திருப்பினார். இறங்கிய கையோடு மணிக்கூட்டைப் பார்த்தபடியே பின்கதவைத் திறந்து, "தம்பி, பாரும்! கெதியாப் பாரும், நேரம் போகுது! தங்கச்சி, நீயும் பார்!" என்றார். நான் அப்போது ட்ரெயிலருக்குக் கீழே கிடந்தேன். தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தேன். பச்சைச் சேலை, அதற்கு மேலே முழங்கால் வரை கோட்டு, கையில் தாளில் சுற்றிய வடை. அவரும் குனிந்து பார்த்தார். முகத்தில் கறுப்புக் கிரீஸோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு தலையைத்தான் கண்டிருப்பார். "பாத்தாச்சு" என்றார் அண்ணை. மணிக்கூட்டைச் சட்டைக்கைக்குள் விட்டுக்கொண்டார்.

அந்த ட்ரெயிலரின் நோய் என்னவென்றால், பின்விளக்கைப் போட்டால் சிக்னல் மங்கலாக எரிந்தது, சிக்னலைப் போட்டால் பின்விளக்கு அழுதது. விளக்குகளுக்குப் போன கரண்ட் திரும்பி வருவதற்கு வெள்ளை நிறத்தில் ஒரு ஏர்த் வயர் உண்டு. அது துருப்பிடித்துவிட்டால் கரண்ட் தன் வீட்டுக்குப் போக வழி தெரியாமல் பக்கத்து விளக்குகளுக்குள் எல்லாம் புகுந்து அலையும். நான் அந்த வயரைக் கழற்றி, உப்புத்தாளால் உரஞ்சிப் பூட்டிவிட்டேன். மற்ற எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தன. பிரேக் விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். தும்புத்தடியை எடுக்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது, இன்று யார்டில் மனிதர்கள் நிற்கிறார்கள்.

"அண்ணை, ஒருக்கா ஏறிப் பிரேக்கை மிதிக்கிறியளே?" என்று கேட்டேன். அண்ணை தன்னுடைய கோட்டு சூட்டைப் பார்த்தார், லொறிப் படியைப் பார்த்தார். "தம்பி, நான் பொம்பிளை வீட்டுக்காரன்" என்றார். அவருடைய மனைவி கலாவதி அக்கா தன் குதி உயர்ந்த சப்பாத்தைக் காட்டித் தலையாட்டினார். அப்போது தவநாயகி வடையை மச்சாளின் கையில் கொடுத்துவிட்டு, "நான் ஏறுறன்" என்றார். படியில் எண்ணெய் இருக்கிறது, சேலை பழுதாகிவிடும் என்றேன். "ஆஸ்பத்திரி லோண்டரியில வேலை செய்யிறன். இதைவிட அழுக்கெல்லாம் பாத்திட்டன்" என்று சொல்லிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். இருக்கையில் இருந்து, "எந்தக் காலால?" என்று கேட்டார். வலது என்றேன். நான் கத்தும்வரை காலை எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். "சரி. நீங்கள் சொல்லுமட்டும் எடுக்கமாட்டன்" என்றார். இதுதான் நாங்கள் இருவரும் பேசிய முழுப் பேச்சு.

என்ஜினை ஓடவிட்டுவிட்டு நான் பின்னால் போனேன். அண்ணையும் கூடவே வந்து, நான் வயரைக் கட்டிக்கொண்டிருக்கையில் விசா நிரந்தரமா, அறை சொந்தமா, இரவு வேலை உண்டா, குடி உண்டா என்று கேட்டார். நான் அவை எல்லாவற்றுக்கும் ட்ரெயிலருக்கு அடியில் இருந்தே பதில் சொன்னேன். பிறகு குளிர் தாங்காமல் அவரும் கலாவதி அக்காவும் தேநீர் அறைக்குள் போய்விட்டார்கள். பிரேக் விளக்கு எரிந்தது. நான் வழக்கம்போல அறிக்கை எழுதத் தொடங்கினேன். என் அறிக்கைகள் நீளமானவை என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். எழுத்து மும்முரத்தில் கத்த மறந்துபோனேன். நடந்தது அவ்வளவுதான். தேநீர் ஆறி, வடை ஆறி, கலாவதி அக்கா வெளியே வந்து, "மச்சாள் எங்க?" என்று கேட்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், தவநாயகி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, அப்படியே மிதித்துக்கொண்டிருக்கிறார். கால் விறைத்துவிட்டது. கலாவதி அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் இறக்கினோம்.

"பொம்பிளை பாக்கக் கூப்பிட்டிட்டுப் பொம்பிளையை வேலைக்கு வைச்சிருக்கிறார்!" என்று சபாரத்தினம் அண்ணை யார்டு அதிரக் கத்தினார். அதோடு விட்டிருக்கலாம். மேசையில் கிடந்த என் அறிக்கையைக் கலாவதி அக்கா எடுத்து வாசித்துவிட்டார். 'பரிசோதனைக்கு உதவியவர் இவ்வேலையில் முன் அனுபவம் அற்றவர் எனினும், இறுதிவரை சிறிதும் அசையவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்' என்று எழுதியிருந்தேன். கச்சேரியில் அப்படித்தான் எழுதுவோம், அது பாராட்டு. "என்ர தங்கச்சியைப் பற்றி ரிப்போட் வேற எழுதியிருக்கிறியோ!" என்று அண்ணை தாளை என் முன்னால் ஆட்டினார். கார்க் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துச் சாத்தப்பட்டன. தவநாயகி பின்னிருக்கையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். என்ன நினைத்தார் என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வடை மட்டும் என்னிடம் மிஞ்சியது. ட்ரெயிலர் டோவருக்குப் போனது. ரொன் அறிக்கையை வாசித்துவிட்டு, யார் அந்த அசையாத ஆள் என்று கேட்டார். எனக்குச் சொந்தக்காரர் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே அக்கா, இது நடக்காதது நல்லதற்கே. எனக்கு இங்கே என்ன குறை? வீட்டுக்காரர் குருமூர்த்தி தமிழ்நாட்டுக்காரர், கும்பகோணம் பக்கம், நல்ல மனிதர். படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் மழையைப் பற்றி விசாரிப்பார். என் அறையில் ரேடியோ உண்டு. சோறு எனக்கு மட்டும் அளவாக வைக்க இன்னும் கை பழகவில்லை, எப்போதும் இன்னொருவருக்கும் வந்துவிடும், மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுவேன். யார்டுக்குள் போனதும் ட்ரெயிலர்களுக்கு நம்பரைச் சொல்லிக் காலை வணக்கம் சொல்வேன், அவை மறுத்துப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து அறைக்கு வந்து கதவைச் சாத்தும்போது மட்டும் கொஞ்சம் கஷ்டம்தான். அன்று முழுக்க என் குரலையே நான் கேட்டிருக்கமாட்டேன். ஏதாவது சொல்லிப் பார்ப்போம் என்று "எரியுது" என்று சொல்லுவேன். பிறகு ரேடியோவைப் போட்டுவிடுவேன். அதுவும் பழகிவிடும். பழகியும் விட்டது. இதற்காக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து குளிரில் உட்காரவைக்கத் தேவையில்லை.

எனவே சபாரத்தினம் அண்ணையிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, இந்தச் சம்பந்தப் பேச்சை இத்தோடு முடித்துவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் சாதகத்தையும் திருப்பி வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடவும். அத்தானின் சீனி இறங்கவும், உங்கள் முழங்கால் நோ மாறவும், அங்கே எல்லோரும் எந்த இடைஞ்சலும் இல்லாமல் இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி
(இந்த ஒரு விஷயத்தைத் தவிர),
க. அம்பலவாணன்.

பி.கு.: அக்கா, இதைத் தபாலில் போட வெளிக்கிடும்போது ஒரு போன் வந்தது. மேலே எழுதியதில் என் முகவரி மட்டும்தான் சரி. மற்றதை அத்தானுக்கு வாசிக்க வேண்டாம்.

குருமூர்த்தி படியேறி ஓடிவந்து கதவைத் தட்டினார். "சார், லேடி வாய்ஸ்! உங்களைத்தான் கேக்கறாங்க. ராங் நம்பர்னு நெனச்சு ரெண்டு தடவ வெச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார். இறங்கிப் போய் எடுத்தேன்.

"நான் தவநாயகி. அண்ணைக்குத் தெரியாது நான் போன் எடுக்கிறது. உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும்."

கேளுங்கோ என்றேன்.

"அண்டைக்கு அந்த லைற் எரிஞ்சதோ? இவ்வளவு நேரம் மிதிச்சன். எரிஞ்சதோ இல்லையோ எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

"எரிஞ்சது" என்றேன். "ரெண்டு பக்கமும் வடிவா எரிஞ்சது."

"அப்ப ஏன் கத்தேல்லை?"

அக்கா, மேலே உங்களுக்கு எழுதிய காரணத்தை அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. நான் அப்போது அறிக்கை ஒன்றும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அந்த நாலு வரியையும், அவரை இறக்கிய பிறகு, அண்ணை கத்திக்கொண்டிருந்தபோதுதான் அவசரமாக எழுதினேன். வெறுமனே ட்ரெயிலருக்குப் பின்னால் நின்று அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கஸ்பர் போன பிறகு, தடியில்லாமல், சுவரில்லாமல், முன்னால் ஒரு ஆள் இருந்து எனக்காக மிதித்து எரிந்த விளக்கு அதுதான். நான் ஒரு சொல் கத்தினால் அவர் காலை எடுத்துவிடுவார், அது அணைந்துவிடும். அதனால்தான் கத்தவில்லை. இதைத்தான் திக்கித் திக்கி அவருக்குச் சொன்னேன்.

  அதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"சொல்லியிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் மிதிச்சிருப்பன்."

அக்கா, சபாரத்தினம் அண்ணையோடு நீங்கள்தான் கதைக்க வேண்டும். கெதியாகக் கதையுங்கோ.